இருதயத்தைத் தொடும் உரிமை

நம் பாட்டனார் காலத்துக் கிராம வைத்தியரிடம் அத்தாட்சிப் பத்திரம் எதுவும் இருந்ததில்லை. திண்ணையில் வந்து உட்காருவார். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாதமா, பித்தமா, சிலேத்துமமா என்பதை அந்த மூன்று விரல்களும் சொல்லிவிடும் என்று வீட்டார் நம்பினார்கள். அவருக்குரிய பரீட்சை ஊர் ஜனங்களின் வாயிலே நடந்தது. நாலு பேரைப் பிழைக்க வைத்தால் கைராசிக்காரர். நாலு பேர் கைவிட்டுப் போனால் அடுத்த ஊர் வைத்தியரைத் தேடி வண்டி பூட்டிவிடுவார்கள். ஊரில் ஒருவரையொருவர் எல்லோரும் அறிந்திருந்தவரை இந்த ஏற்பாடு ஒருவாறு நடந்து வந்தது.

இன்று நம் நிலைமை வேறு. பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரியிலே, முன்பின் தெரியாத ஒரு டாக்டருக்கு எதிரே உட்காருகிறோம். அவர் நீண்ட காகிதத்தில் ஓடும் கோடுகளைப் பார்க்கிறார். "உங்கள் தகப்பனாருக்கு இருதயத் துடிப்பிலே கோளாறு இருக்கிறது. தொடையில் உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பிக் குழாய்களைச் செலுத்தி, இருதயத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவிட வேண்டும்" என்கிறார். கேட்கும்போதே நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் ஒன்றை நீட்டுகிறார்கள். பேனாவை எடுக்கும்போது நம் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இவருக்கு இந்த வேலை தெரியும் என்று யார் சொன்னது?

இந்தக் கேள்விக்கு ஒரு நாட்டு வைத்தியர்கள் தங்களுக்குள்ளேயே பதில் தேடிய வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தாளமும் மின்சாரமும்

கச்சேரியில் மிருதங்கக்காரர் தாளம் தப்பினால் ரசிகர்கள் முகம் சுளிப்பதோடு சரி. இருதயம் தாளம் தப்பினால் விஷயம் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கும் இந்தத் தசைப் பைக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது அதற்குள்ளேயே பிறக்கும் மின்சாரம். வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு முடிச்சில் அது உதிக்கிறது. மேலறைகளில் பரவுகிறது. நடுவில் உள்ள மற்றொரு முடிச்சில் கணநேரம் தயங்குகிறது. பிறகு கீழறைகளுக்குள் பாய்கிறது. அந்தக் கணநேரத் தயக்கத்தில்தான் மேலறைகளின் இரத்தம் கீழறைகளுக்குள் இறங்குகிறது. இந்த மின்சாரத்தைத் தேகத்துக்கு வெளியிலிருந்தே கோடுகளாகப் பதிவு செய்யும் கருவியைச் செம்மைப்படுத்தியவர் ஹாலந்து தேசத்து ஐந்தோவன். அதற்காக 1924-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

மின்சாரம் உதிக்கத் தாமதித்தாலும் வழியில் தடைப்பட்டாலும் துடிப்பு மந்தமாகிறது; நோயாளி மயங்கி விழுகிறார். குறுக்கு வழி ஒன்று ஏற்பட்டு மின்சாரம் அதிலே சுற்றிச் சுற்றி ஓடினால் துடிப்பு தறிகெட்டு ஓடுகிறது. கீழறைகளிலே அது ஒரே குழப்பமாகிவிட்டால் இருதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குகிறது. அப்புறம் உயிருக்குச் சில நிமிஷங்களே தவணை.

புதிய கலை

இந்தக் கோளாறுகளுக்குப் பரிகாரம் கண்ட வரலாறு அண்மைக் காலத்தது. 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்ஸன் என்ற நாற்பத்து மூன்று வயதுக்காரரின் தேகத்துக்குள் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. சஸ்திர வைத்தியர் ஸென்னிங். கருவியைச் செய்தவர் எல்ம்க்விஸ்ட் என்ற யந்திர நிபுணர். புருஷன் மயங்கி மயங்கி விழுவதைக் கண்ட மனைவிதான் இருவரையும் விடாமல் வற்புறுத்தி இதைச் செய்ய வைத்தார் என்பார்கள். முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆனால் லார்ஸன் வாழ்நாளில் மொத்தம் இருபத்தாறு கருவிகளை மாற்றிக்கொண்டு, சஸ்திர வைத்தியருக்கும் யந்திர நிபுணருக்கும் பிறகும் உயிரோடிருந்து, 2001-இல் தம் எண்பத்தாறாவது வயதில் வேறொரு நோயால் காலமானார். தமயந்தியும் சாவித்திரியும் பிறந்த நாட்டவர்களாகிய நமக்கு அந்த மனைவியின் பிடிவாதம் நன்றாக விளங்கும்.

தறிகெட்டு ஓடும் இருதயத்தைத் தானாகவே கண்டுகொண்டு, உள்ளிருந்தபடியே மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவியை மிரோவ்ஸ்கி என்ற டாக்டர் கற்பனை செய்தார். அவருக்குப் பெரியவராக இருந்த ஒரு வைத்தியர் இத்தகைய நோயால் இறந்ததே அவரை இந்த முயற்சியில் தூண்டியது. பலர் இது நடவாத காரியம் என்றார்கள். 1980 பிப்ரவரியில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அது முதல் முறையாக ஒரு மனிதருக்குள் வைக்கப்பட்டது. 1982-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஷைன்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் குழாய் வழியாக மின்னதிர்ச்சி செலுத்தி, இருதயத்தில் மின்சாரம் செல்லும் பாதையைத் துண்டித்த விவரத்தை வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த முரட்டு அதிர்ச்சிக்குப் பதிலாக, வானொலி அலை இனத்தைச் சேர்ந்த மின்சாரத்தால் குறித்த இடத்தை மட்டும் பக்குவமாகச் சுடும் முறை வந்தது.

பக்குவம் என்று சொன்னோம். அது எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். சுட வேண்டிய குறுக்கு வழி சில சமயம் அந்த நடு முடிச்சுக்கு வெகு சமீபத்தில் இருக்கும். சில மில்லிமீட்டர் தவறினால் முடிச்சே கருகிவிடும். வேகத் துடிப்புக்காக வந்த நோயாளி, ஆயுள் முழுவதும் பேஸ்மேக்கரைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப நேரிடும்.

ஒரு கசப்பான பாடம்

கைத்தேர்ச்சி மாத்திரம் போதாது, அறிவும் வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டியது மருந்து விஷயம். மாரடைப்பிலிருந்து தப்பியவர்களுக்கு இடையிடையே அகாலத் துடிப்புகள் உண்டாகும். அத்தகைய துடிப்பு உள்ளவர்களிடையே மரணம் அதிகம். ஆகையால் மருந்து கொடுத்து அந்தத் துடிப்புகளை அடக்கினால் மரணமும் குறையும் என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். நியாயமான எண்ணம்தான். மருந்தும் துடிப்புகளை அழகாக அடக்கியது.

ஆயினும் சிலர் அதைப் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தார்கள். என்கைனைட், ப்ளிகைனைட் என்ற இரு மருந்துகளையும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 1989-இல் பரீட்சையின் இந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991-இல் வெளிவந்த கணக்கின்படி, மருந்து உண்ட 755 பேரில் 63 பேரும், வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். காகிதத்தில் கோடுகள் சீராயின, மனிதர்கள் மடிந்தார்கள்!

இருதயத் தாளத்தைத் திருத்துவது பொது வைத்தியத்தின் ஒரு மூலை அல்ல. தனியாகக் கற்றுத் தனியாகப் பரீட்சிக்கப்பட வேண்டிய கலை என்ற உணர்வுக்கு இத்தகைய அனுபவங்களும் வலுவூட்டின.

பரீட்சை பிறந்தது

அமெரிக்காவில் வைத்தியம் செய்ய அந்தந்த ராஜ்யத்துச் சர்க்காரின் லைசென்ஸ் அவசியம். ஆனால் லைசென்ஸ் எல்லா டாக்டர்களுக்கும் பொது. இன்ன துறையில் இவர் நிபுணர் என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்கு வைத்தியர்களே தங்களுக்குள் 'போர்டு'கள் அமைத்துக்கொண்டார்கள். கண் வைத்தியர்கள் முந்திக்கொண்டார்கள். அமெரிக்கன் போர்டு ஆப் இன்டெர்னல் மெடிஸின் என்ற ஸ்தாபனம் 1936-இல் தோன்றியது. 1941 முதல் இருதய நோய்க்குத் தனி அத்தாட்சி கொடுத்தது. இந்த அத்தாட்சியைச் சர்க்கார் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பல ஆஸ்பத்திரிகள் இது இல்லாதவர்களை உள்ளே விடத் தயங்குகின்றன.

இருதயத் தாளத்தில் ஈடுபட்ட வைத்தியர்கள் 1979-இல் ஒரு சங்கம் கண்டார்கள். 2004 முதல் அதற்கு 'ஹார்ட் ரிதம் ஸொஸைட்டி' என்று பெயர். மேற்சொன்ன போர்டு, இருதய மின்னியலுக்கென்று தனிப் பரீட்சையை 1992-இல் தொடங்கியது. இருதய நோய்ப் பரீட்சையில் தேறியவர்களே இதற்கு உட்கார முடியும். வைத்தியப் பட்டம் பெற்ற பிறகு பொது வைத்தியத்தில் மூன்று ஆண்டு, இருதய வைத்தியத்தில் மூன்று ஆண்டு, அப்புறம் மின்னியலில் பயிற்சி. இந்தக் கடைசிப் பயிற்சி முன்பு ஓராண்டாக இருந்தது, இப்போது இரண்டாண்டு. நம் வீடுகளில் பட்டம் வாங்கிய பையனுக்கு மறு மாதமே பெண் பார்க்கத் தொடங்குகிறோமே, அங்கே பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு பயின்ற பிறகே இருதயத்தின் மின்சாரத்தைத் தனியே தொட அனுமதி!

பரீட்சைத்தாளில் கோடுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம். கையின் நடுக்கத்தை அளக்க முடியாது. ஆகையால் பயிற்சிக் காலத்தில் இன்ன சிகிச்சையைச் செய்து பழகினார் என்ற கணக்கு வேண்டும். இவர் தேர்ந்தவர் என்று பயிற்சித் தலைவர் பொறுப்பேற்றுச் சாட்சி சொல்லவும் வேண்டும். ஐரோப்பியச் சங்கத்தார் தங்கள் அத்தாட்சிக்கு எழுத்துப் பரீட்சையோடு, செய்த சிகிச்சைகளைப் பதிந்த குறிப்பேட்டையும் கேட்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பத்திரத்தால் பிரயோஜனம் உண்டா?

இது வெறும் காகிதப் பெருமைதானோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. இதையும் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள். மிரோவ்ஸ்கியின் கருவியைப் பொருத்திய 1,11,293 சிகிச்சைகளின் விவரங்களைத் திரட்டி, பொருத்தியவர் யார் என்று பிரித்துப் பார்த்த ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. நூற்றுக்குச் சுமார் எழுபத்தொன்றைப் பொருத்தியவர்கள் மின்னியல் அத்தாட்சி பெற்ற நிபுணர்கள். அவர்கள் கையில் நூற்றுக்கு 3.5 பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. மற்ற இருதய வைத்தியர்கள் கையில் 4.0, மார்புச் சஸ்திர வைத்தியர்கள் கையில் 5.8.

முதல் இரண்டு எண்களுக்கும் இடையே வித்தியாசம் சிறிது என்று நேயர்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு கணக்கும் உண்டு. சில நோயாளிகளுக்கு அதிர்ச்சிக் கருவியோடு இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்க வைக்கும் வசதியும் சேர்ந்த கருவி தேவை. தேவைப்பட்டவர்களில் அதைப் பெற்றவர்கள், மின்னியல் நிபுணரிடம் சென்றவர்களில் நூற்றுக்கு 83. மற்ற இருதய வைத்தியர்களிடம் 76. மார்புச் சஸ்திர வைத்தியர்களிடம் 58. கை தவறுவது கண்ணுக்குத் தெரியும். வேண்டிய கருவிக்குப் பதில் வேறொன்றை வைத்துத் தையல் போட்டுவிட்டால், நோயாளிக்கோ வீட்டாருக்கோ அது தெரியவே போவதில்லை. நிபுணத்துவத்தின் பெரும் பயன் இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

இதைக் கொண்டு, பத்திரமே மனிதரைக் கெட்டிக்காரர் ஆக்கிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. நீண்ட பயிற்சியும், தினம் தினம் அதே வேலையைச் செய்யும் பழக்கமும் ஆக்கியிருக்கலாம். பத்திரம் அவற்றுக்கு அடையாளம். ஆனால் அந்நியர் கையில் உயிரை ஒப்படைக்கும் நமக்கு நம்பத் தகுந்த அடையாளம் சாதாரண விஷயமல்ல.

தவணை தீரும் பத்திரம்

இனித்தான் கதையின் சுவாரஸ்யமான பகுதி. 1958-இல் இல்லாத கருவி, 1980-இல் இல்லாத சிகிச்சை என்று கலை ஓடிக்கொண்டே இருக்கும்போது, ஒரு தடவை தேறியவர் ஆயுள் முழுவதும் தேறியவர்தானா? 1990-க்கு முன் அந்தப் போர்டு தந்த அத்தாட்சிகள் ஆயுள் வரைக்கும் செல்லும். 1990 முதல் பத்தாண்டுத் தவணை விதித்தார்கள். 1992-இல் பிறந்த மின்னியல் அத்தாட்சி பிறக்கும்போதே தவணையோடு பிறந்தது. பெரியவர்களுக்கு ஆயுள் பத்திரம், இளையவர்களுக்குத் தவணைப் பத்திரம் என்றால் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா?

2014-இல் போர்டு விதிகளை மேலும் இறுக்கியது. பரீட்சையோடு நில்லாமல், இடைவிடாது பயிற்சிப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும் என்றது. டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். கட்டணம் அதிகம், வேலைக்கு உதவாத கேள்விகள், நோயாளிக்குரிய நேரம் பாழாகிறது என்று புகார்கள் குவிந்தன. 2015 பிப்ரவரியில் போர்டு தான் செய்தது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் போட்டிப் போர்டு ஒன்றும் கிளம்பியது. பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் பெரிய பரீட்சைக்குப் பதிலாக, வீட்டிலிருந்தபடியே மூன்று மாதத்துக்கொரு முறை சில கேள்விகளுக்கு ஐந்தாண்டு தொடர்ந்து விடையளிக்கும் முறையையும் 2022 முதல் அந்தப் போர்டு பல துறைகளுக்குக் கொண்டுவந்தது.

டாக்டர்களின் புகாரில் நியாயம் உண்டு. பரீட்சை நடத்துவோரையும் யாராவது பரீட்சிக்கத்தான் வேண்டும். ஆனால் சண்டை முழுவதையும் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. எப்படிப் பரீட்சிப்பது, யார் பரீட்சிப்பது என்றே பெரும்பாலும் வாதாடினார்கள். கற்ற வித்தை ஆயுளுக்கும் போதும் என்று துணிந்து சொன்னவர் அரிது. பழைய சரக்கை வைத்துக்கொண்டே காலந்தள்ளலாம் என்ற எண்ணம் அந்த வைத்தியர்களிடம் செல்லாக்காசு ஆகிவிட்டது.

நம் நாட்டுக் கணக்கு

அத்தாட்சி என்ற பேச்சு நம் நாட்டாருக்கு ஒரு பழைய புண்ணை நினைவூட்டும். 1930-இல் பிரிட்டனின் ஜெனரல் மெடிகல் கவுன்ஸில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் வைத்தியப் பட்டங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. இந்தியா முழுவதற்கும் வைத்தியப் படிப்பின் தரத்தைக் கண்காணிக்க ஒரு மத்திய ஸ்தாபனம் இல்லை என்பது முக்கியமான காரணம். நம் டாக்டர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. கடல் கடந்து உட்கார்ந்திருப்பவர்கள் நம்மை அளப்பதா என்று கோபம் மூண்டது. அதன் பிறகு 1933-இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு இந்திய மெடிகல் கவுன்ஸில் ஏற்பட்டது. 2020 செப்டம்பரில் அதன் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்துவிட்டது.

இன்று நம் நாட்டில் எம்.பி.பி.எஸ்., எம்.டி., அப்புறம் மூன்றாண்டு டி.எம். என்ற படிகளில் ஏறி இருதய வைத்தியர்கள் உருவாகிறார்கள். மின்னியலில் தேர விரும்புகிறவர்கள் அதற்கும் மேலே, சில பெரிய நிலையங்களில் தனிப் பயிற்சி பெறுகிறார்கள். வெளிநாட்டுக்குப் போய்க் கற்று வருகிறவர்களும் உண்டு. உலகத்தில் எவருக்கும் குறையாத கைகள் அவர்களிடையே இருக்கின்றன. ஆனால் நாம் வாங்கும் பட்டத்துக்குத் தவணை கிடையாது. சில மாநிலங்களில் பதிவைப் புதுப்பிக்க, இத்தனை மணி நேரம் தொடர்ந்து கற்றதாகக் காட்ட வேண்டும் என்ற விதி உண்டு. வகுப்பில் உட்கார்ந்த மணி நேரம் வேறு. பரீட்சைக்கு உட்படுவது வேறு.

பிறர் நம்மை அளந்தபோது கோபித்தோம். நியாயமான கோபம். ஆனால் பிறர் அளக்கக்கூடாது என்று சொல்லுகிறவனுக்குத் தன்னைத் தானே அளந்துகொள்ளும் கடமை வந்து சேருகிறது. சுதந்திரம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பொருள் நமக்குத் தெரியவில்லை. இருதயத் தாளத்தைத் தொடுகிறவர்களுக்கு ஒரே அளவான பயிற்சி, பொதுவான பரீட்சை, காலந்தோறும் மறுபரீட்சை ஆகிய மூன்றையும் நம் வைத்தியர்களே முன்வந்து வகுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கர் செய்த தவறுகளையும் சேர்த்துக் காப்பி அடிக்க வேண்டியதில்லை. கட்டணக் கொள்ளையும் பயனற்ற கேள்வியும் இல்லாமல் செய்வதற்கு அவர்கள் அனுபவமே நமக்கு வழிகாட்டும்.

பேனாவை எடுக்குமுன்

அதுவரையில் வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கேட்பது. டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம். இருதயத்தை ஒப்படைக்கும்போது மாத்திரம் வாயைப் பொத்திக்கொள்கிறோம்.

"இருதயத் தாளத்துக்கென்று தனிப் பயிற்சி எங்கே, எத்தனை காலம் பெற்றீர்கள்? இதே சிகிச்சையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சிக்கல் நேர்ந்தால் இந்த ஆஸ்பத்திரியில் என்ன ஏற்பாடு? இப்போது செய்யாமல் பொறுத்திருந்தால் என்ன ஆகும்?" இந்த நான்கையும் பணிவாகக் கேட்கலாம். துடிப்பே நின்றுபோகும் அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் இராது; அப்போது அருகில் இருக்கும் டாக்டரே தெய்வம். ஆனால் நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு நேரம் உண்டு.

உண்மையான நிபுணர் இக்கேள்விகளால் கோபிக்க மாட்டார். பரீட்சைக்கு உட்கார்ந்து பழகியவருக்கு இன்னும் நாலு கேள்வி பாரமா? அவர் பதில் சொல்லும் விதத்திலேயே நமக்குப் பாதி மனநிம்மதி வந்துவிடும். அப்புறம் கையெழுத்துப் போடலாம். அன்று திண்ணையில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்ட வைத்தியரை நம் பாட்டனார் நம்பினார். நாமும் நம்புவோம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நம்புவோம்.